எல்லாருக்கும் முன்னால் சிரித்தவர்

என் கணவர் ரிட்டயர் ஆன வருஷத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் டிவியில் டிராமா பார்ப்பது. நம் சபா நாடகம் இல்லை. வெளிநாட்டு மேடைகளில் பாட்டும் ஆட்டமுமாக நடக்கிற மியூசிக்கல். ஜனங்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்க்கும்போதே பல கேமராக்களை வைத்து முழு நாடகத்தையும் படம் பிடித்துவிடுகிறார்கள். அதை நாங்கள் சேலையூரில், ஃபேனுக்குக் கீழே, கால் நீட்டிக்கொண்டு பார்த்தோம்.

ஆரம்பித்து வைத்தவள் பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள். பொங்கல் லீவுக்கு வந்தவள், தனக்காகத்தான் ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். துறைமுக ஊர் ஒன்றில் ரொட்டிக்கடை நடத்தும் அக்கா தங்கையின் கதை. திரை விலகியதும் தங்கை மாவை அளந்துகொண்டே பாட ஆரம்பித்தாள்.

"மாவு அளக்கிறதுக்கு எதுக்குடி பாட்டு?" என்றேன்.

"நம்ம படத்துல மட்டும் பாடாமலா இருக்காங்க?" என்றாள் மகள்.

பார்க்கப் பார்க்க ஒரு வித்தியாசம் புரிந்தது. நம் படத்தில் பாட்டு வந்தால் கதை கொஞ்ச நேரம் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும். எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வரலாம். இதில் கதை நடப்பதே பாட்டுக்குள்தான். காபி போட்டுவிட்டு வருவதற்குள் ஒரு கல்யாணமே முடிந்திருக்கும்.

என்னை ஆச்சரியப்படுத்தியது என் கணவர்தான். டிவி முன்னால் அவர் உட்காருவதே அபூர்வம். எந்தப் படம் போட்டாலும் பத்து நிமிஷத்தில் "ஒண்ணுமே நல்லால்ல" என்று எழுந்துவிடுவார். அன்றைக்குக் கடைசிவரை அசையாமல் இருந்தார். அக்காக்காரி ஊரைவிட்டுப் போகிற காட்சியில் நாலு பேர் மேஜையைக் கவிழ்த்துப் போட்டார்கள், ஒரு நீலத் துணியை விரித்து இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினார்கள். கப்பல் கிளம்பிவிட்டது. "மேஜையக் கப்பலாக்கிட்டான் பாரு!" என்று அவர் தொடையில் தட்டிக்கொண்டார். மறைமலை நகர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் காலமெல்லாம் பிரஸ் மெஷின்களுக்கு நடுவில் நின்றவர். மேடை சுழல்வதும், சுவர் மடங்கி வண்டியாவதும் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

மகள் ஊருக்குத் திரும்பிய பிறகும் நாங்கள் விடவில்லை. வாரம் ஒன்றாகத் தேடித் தேடிப் போட்டோம். வசனமும் பாட்டும் திரையின் அடியில் ஆங்கில எழுத்தாகவும் ஓடும். சத்தம் மட்டும் வாராவாரம் ஏறிக்கொண்டே போனது. "இது டிராமா, இப்படி வச்சாத்தான் ஹால்ல இருக்கிற மாதிரி இருக்கும்" என்பார். நானும் அப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிறு, வாசல் மணி அடித்தது. மாடி வீட்டுப் பெண் நின்றிருந்தாள். அவள் கணவருக்கு மேடவாக்கத்தில் டைல்ஸ் கடை. குடிவந்து ஒரு வருஷம் இருக்கும். படியில் பார்த்தால் சிரித்துக்கொள்கிற அளவுக்குத்தான் பழக்கம்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணுக்கு நாளைக்கு டெஸ்ட்டு. சவுண்டு கொஞ்சம்…" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், என் தோளுக்கு மேலாக டிவியைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டாள். திரையில் ஒருத்தி கிழிந்த பாவாடையோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். சுற்றி நிற்கும்போது உடம்பில் கல்யாண கவுன் இருந்தது.

"எப்படிக்கா மாத்தினா? எல்லார் கண்ணு முன்னாடியும்?"

"உள்ள வந்து பாரேன்" என்றேன். வந்தாள். சோபா நுனியில் உட்கார்ந்தவள், இடைவேளை வரைக்கும் எழுந்திருக்கவில்லை. சத்தத்தைக் குறைத்தது நான்தான். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அடுத்த ஞாயிறு அவளே ஒரு டப்பா மரவள்ளிக்கிழங்கு சிப்ஸோடு இறங்கி வந்தாள். அதற்கடுத்த ஞாயிறு, வரவில்லையே என்று நானே மாடிப்படியில் நின்று கூப்பிட்டேன். எதையும் புதுசாகப் பார்க்கிற கண் அவளுக்கு. "எல்லா நடிகருக்கும் நெத்தி மேல மரு மாதிரி என்னவோ இருக்கே, ஒரே குடும்பமா?" என்று ஒருநாள் கேட்டாள். என் கணவர் வெகுநேரம் சிரித்தார். அது முடிக்குள் மறைத்து ஒட்டிய மைக். கேமரா அத்தனை கிட்டே போவதால் நமக்குத் தெரிகிறது. ஹாலில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. கழுத்து நரம்பு புடைப்பதும், உச்சத்தில் பாடி முடித்தவன் மூக்கு நுனியில் வியர்வை தொங்குவதும்கூட அப்படித்தான். அவ்வளவு காசு கொடுத்து முன்வரிசையில் உட்கார்ந்தவனுக்குக் கிடைக்காததெல்லாம் சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து ரெண்டாவது சந்தில் இருக்கிற எங்களுக்குக் கிடைத்தது.

என் கணவரின் விஷயத்தையும் அவள்தான் கண்டுபிடித்தாள்.

ஒரு தபால் ஆபீஸில் நடக்கிற வேடிக்கை நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. நான் டீ போட எழுந்தேன். அவளும் பின்னாலேயே சமையலறைக்கு வந்தாள்.

"அக்கா, அண்ணன் எல்லாருக்கும் முன்னாடியே சிரிக்கிறாரே, கவனிச்சீங்களா?"

"என்னம்மா சொல்ற?"

"டிவியில ஜனங்க சிரிக்கிறதுக்கு முன்னாடி அண்ணன் சிரிச்சிடறார். அந்த ஆளு ஜோக்கைச் சொல்லியே முடிக்கல. அண்ணன் கீழ ஓடற எழுத்தைப் படிச்சிட்டுச் சிரிக்கிறார்." கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எங்க மாமாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. அண்ணனுக்குக் காது சரியா கேக்குதாக்கா?"

டீ பொங்கி வழிந்தது. நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டே யோசித்தேன். நம் படம் எதுவும் அவருக்கு 'நல்லால்ல' என்று ஆனது எப்போதிலிருந்து? போன் வந்தால் என்னிடமே நீட்டுவது எதனால்? கல்யாண வீடுகளில் ஓரமாக ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பது? பேச்சுக் குறைந்துபோனதை நான் வயசு என்று நினைத்திருந்தேன். ரிட்டயர் ஆன சலிப்பு என்றும் நினைத்திருந்தேன்.

மறுநாள் அவரிடம் பக்குவமாகத்தான் பேச்சை எடுத்தேன். எடுபடவில்லை.

"எனக்கு நல்லாத்தான் கேக்குது. நீங்கல்லாம் முணுமுணுன்னு வாய்க்குள்ளயே பேசறீங்க. அந்த டிராமாக்காரங்க எப்படிக் கணீர்னு பேசறாங்க பாரு, அது புரியுதில்ல எனக்கு?"

"எழுத்து இல்லாமப் புரியுதா?"

அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. அடுத்த வாரம் மகள் அனுப்பிய நாடகத்தில் எழுத்தே வரவில்லை. எங்கெங்கோ அமுக்கிப் பார்த்தோம். அதில் அந்த வசதியே இல்லை. ரயில் நிலையத்தில் மாட்டிக்கொண்ட பயணிகளைப் பற்றிய கதை. மாடி வீட்டுப் பெண்ணுக்கு ஆங்கிலம் ஓரளவுதான். பாட்டையும் முகத்தையும் வைத்துக்கொண்டு அவள் கதைக்குள் போய்விட்டாள். என் கணவர் கொஞ்ச நேரம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். பிறகு பின்னால் சாய்ந்தார். பிறகு எழுந்து, "செடிக்குத் தண்ணி ஊத்தணும்" என்று பால்கனிக்குப் போனார். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். அந்த வெயிலில் யாரும் செடிக்குத் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் நாடகத்தைப் பார்த்தோம்.

அன்று சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"கடைசியில அந்தக் கெழவி பெட்டியத் தொறந்து வச்சிக்கிட்டுப் பாடினாளே. என்ன சொன்னா?"

பால்கனிக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார். எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். மகன் இருக்கிற ஊருக்குப் போகிறேன் என்று அவள் சொன்னது பொய், யாரும் அவளைக் கூப்பிடவில்லை, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் தினமும் பெட்டியோடு ஸ்டேஷனுக்கு வருகிறாள்.

"அப்படியா" என்றார். பிறகு, "எனக்கு வாய் அசையறது மட்டும்தான் தெரிஞ்சுது" என்றார்.

நான் மடித்த துணியை அவர் மடியில் வைத்தேன். அந்த வாரமே மேற்குத் தாம்பரத்தில் ஒரு காது டாக்டரைப் போய்ப் பார்த்தோம்.

கண்ணாடிக் கூண்டுக்குள் அவரை உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். நான் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, பட்டனில் விரலை வைத்தபடி அவர் காத்திருந்தார். விரல் அதிகம் அசையவில்லை. இரண்டு காதுக்கும் மிஷின் வேண்டும் என்றார்கள்.

மிஷின் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ஆனால் முதல் சில நாட்கள் வீடு சண்டைக்களமானது. "இந்த ஃபேன் எப்பவும் இப்படித்தான் கத்துமா?" "ஏன் பாத்திரத்தை இப்படிப் போட்டு உடைக்கிற?" பேப்பரைப் புரட்டினால் அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. குக்கர் விசில் வந்தால் மிஷினைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமை ஆவலாக ஒரு நாடகத்தைப் போட்டார். முதல் பாட்டு முடிவதற்குள் அவர் முகம் சுருங்கிப்போனது.

"தகர டப்பாவுக்குள்ள உக்காந்து பாடற மாதிரி இருக்கு. எழுத்து மட்டும் படிச்சப்ப எவ்வளவு நல்லா இருந்துது தெரியுமா?"

அதுவும் உண்மைதான். அந்தக் குரல்களை அவர் தன் மனசுக்குள்ளேயே உண்டாக்கி வைத்திருந்தார். அவை எவ்வளவு இனிமையாக இருந்தனவோ, யாருக்குத் தெரியும்?

"காதுக்கு இல்ல சார், மூளைக்குத்தான் பழகணும். கழட்டாம போட்டுக்கிட்டே இருங்க" என்றார் டாக்டர். என் கணவர் முறைப்பாக இருந்தார், ஆனால் போட்டுக்கொண்டார். மாடி வீட்டுப் பெண் தினமும் படியிறங்கும்போது ஒரு நிமிஷம் நின்று, "அண்ணா, இன்னிக்கு என்ன விசேஷம்?" என்று சாதாரணக் குரலில் கேட்டுவிட்டுப் போனாள். முதலில் "ஆங்?" என்றார். பிறகு பதில் சொல்ல ஆரம்பித்தார். அப்புறம் அவரே நிறுத்தி வைத்துப் பேச ஆரம்பித்தார். அவளுக்குத்தான் கடைக்குப் போக நேரமானது.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. வெளியே போக வழியில்லாத ஒரு ஞாயிறு, அந்த ரொட்டிக்கடை நாடகத்தையே இன்னொரு தரம் போடலாம் என்றாள் அவள். நாங்கள் சொல்லிக் கேட்டிருந்தாளே தவிர, அதை அவள் பார்த்ததில்லை. மூன்று பேரும் உட்கார்ந்தோம். கப்பல் போன பிறகு தங்கை மட்டும் மேடையில் தனியாக நிற்பாள். வாத்தியமெல்லாம் நின்றுவிடும். அவள் உடனே பாடவும் மாட்டாள். கையில் ஒட்டிய மாவைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

என் கணவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"நீயா இருமின?"

"இல்லையே."

"நானும் இல்லண்ணா" என்றாள் அவள்.

ரிமோட்டை எடுத்துப் பின்னால் தள்ளினார். மறுபடி அந்த மௌனம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் முறை, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது எனக்கும் கேட்டது. அந்த ஹாலில், இருட்டில், எங்கோ ஒரு ஆள் அடக்கி அடக்கி ஒரு இருமல் இருமினான்.

"அங்க உக்காந்திருக்கிறவன் இருமறான்" என்றார் என் கணவர். அவர் முகத்தில் இருந்ததை எப்படிச் சொல்வது? பாட்டைக் கேட்ட சந்தோஷம் இல்லை அது. பூட்டிக் கிடந்த அறைக்குள் ஆள் இருப்பது தெரிந்த மாதிரி இருந்தது. இத்தனை மாதமாக அந்த நாடகங்களை அவர் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதுதான் ஹால் நிறைய ஜனங்கள் வந்து உட்கார்ந்தார்கள். அதன்பிறகு அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நாற்காலி கிறீச்சிடுகிறது. யாரோ மூக்கை உறிஞ்சுகிறார்கள். முதலில் ஒருவன்தான் கைதட்டுகிறான், அப்புறம்தான் மற்றவர்கள். மாடி வீட்டுப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாடகத்துக்காகவா என்று நான் கேட்கவில்லை.

கீழே ஓடும் எழுத்தை அவர் இப்போதும் நிறுத்துவதில்லை. உச்சரிப்பு பிடிபடாத இடங்கள் எனக்கே இருக்கின்றன, அவருக்கு இல்லாமல் இருக்குமா? ஆனால் கண் அதிலேயே கிடப்பதில்லை. ஜனங்களோடு சேர்ந்து சிரிக்கிறார். சில சமயம் அவர்களுக்கு அப்புறமும்.

போன மாதம் ஒருநாள் காலை நேரம். அவர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கை வேலை செய்தால் வாய் சும்மா இருப்பதில்லை. அந்தத் தங்கை மாவு அளக்கும்போது பாடுவாளே, அந்த மெட்டுக்கு என் இஷ்டத்துக்குத் தமிழில் வார்த்தை போட்டுப் பாடினேன். பெரிய பாட்டு ஒன்றுமில்லை. காய் விலை, கேஸ் சிலிண்டர், மகள் போன் பண்ணாதது, இவ்வளவுதான் விஷயம்.

நிமிர்ந்தால், பையோடு வாசலில் நிற்கிறார்.

"நீ பாடுவியா?" என்றார்.

"எப்பவும் பாடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எப்பவுமா?"

"கல்யாணம் ஆனதுலருந்து."

அவர் பையைக் கீழே வைத்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஸ்ருதி கொஞ்சம் எறங்குது" என்றார்.

"அப்ப மிஷினைக் கழட்டி வச்சிடுங்க."

கழற்றவில்லை. செருப்பை விட்டுவிட்டு வந்து எனக்கு எதிரே சிரமப்பட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு பிடி அவரைக்காயைத் தன் பக்கம் இழுத்து நார் உரிக்க ஆரம்பித்தார்.

"சிலிண்டர்காரன் வரலன்னு சொன்னியே, அதுக்கப்புறம் என்ன வரும்?"

அதற்கப்புறம் நான் ஒன்றும் யோசித்திருக்கவில்லை. அவருக்காக அங்கேயே இரண்டு வரி கட்ட வேண்டியதாயிற்று.