ஏழாவது கடையின் ரொட்டி

1. இரண்டு வருடங்களுக்கு முன், ஜொகூர் பாருவில், நானும் என் தோழியும் ஒரு தின்பண்டத்தைத் தேடி ஆறு கடைகள் ஏறி இறங்கினோம். கிடைக்கவில்லை.

2. ஏழாவது கடை வடக்கே ரெங்கம் என்ற ஊரில் இருந்தது. அங்கே கிடைத்தது.

3. அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று என் நோட்டில் எழுதினேன். ஒன்றை மட்டும் கண்ணால் பார்க்காமல் எழுதினேன்.

4. அந்த எழுத்தை நம்பி ஒருவர் நாற்பது பேரை விருந்துக்கு அழைத்தார்.

5. விருந்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது எனக்கு உண்மை தெரிந்தது. நான் ஐம்பது மைலுக்கு அப்பால் இருந்தேன்.

என் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் மூன்றாவதாகச் சொன்னது எவ்வளவு பெரிய தப்பு என்பது விளங்கும். நான் ஆஸ்பத்திரியில் பூதக்கண்ணாடி வைத்து ரத்தம் பார்க்கிறவள். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, அதில் மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். பார்க்காமல் எழுதக் கூடாது என்பதுதான் பயிற்சியின் முதல் நாள் எனக்குச் சொல்லித் தந்தது. மூன்று வருட வேலையில் ஒருமுறைகூட அப்படி எழுதியதில்லை.

அந்தத் தின்பண்டத்தின் பெயர் ஹம்பர்கர். ரப்பர்த் தோட்டத்தில் இயந்திரம் பூட்ட வந்த அமெரிக்கர் ஒருவர் காய்ச்சலோடு எங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். ஜுரம் இறங்கிய அன்று அவர் கேட்டது அதைத்தான். பேப்பரில் படமும் போட்டுக் காட்டினார். உருண்டை ரொட்டியை இரண்டாக அறுத்து, கொத்திய மாட்டிறைச்சியைத் தட்டையாகத் தட்டிப் பொரித்து, வெங்காயத்தோடு நடுவில் வைக்க வேண்டும். அவர் ஊருக்குப் போய்விட்டார். படம் எங்களிடம் தங்கிவிட்டது. நான் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், எல்லா இறைச்சியும் சாப்பிடுகிறவள். தோழி என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ், செகாமட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவள், அவளும் அப்படியே. ஓய்வு நாள் வந்தால் இருவரும் கிளம்பிவிடுவோம்.

நோட்டில் கோடு போட்டுக் கட்டம் கட்டினேன். இறைச்சி, ரொட்டி, வெங்காயம், சுத்தம் என்று தலைப்பு. முதல் கடையில் ஆட்டுக்கறி கட்லட்டையும் ஒரு துண்டு ரொட்டியையும் தனித்தனித் தட்டில் கொண்டுவந்து வைத்து, "சேத்துக்குங்க" என்றார்கள். மூன்றாவது கடையில் ரொட்டிக்குள் முட்டைப் பொரியல். தம்போய் போகும் சாலையில் ஒரு கடைக்காரர் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது தொப்பிதானே?" என்று கேட்டார். என் தோழி சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

ரெங்கம் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த காப்பிக்கடை ஒரு ஹைனான் சீனருடையது. வெள்ளைக்காரக் கப்பலில் பல வருடம் சமையல்காரராக இருந்தவர். படத்தைப் பார்த்ததும் தலையசைத்தார். பத்து நிமிடத்தில் தட்டு வந்தது. கடித்தவுடன் நாங்கள் இருவரும் இன்னொரு தட்டு கேட்டோம். இறைச்சியைவிட அந்த ரொட்டிதான் எங்களை அப்படிக் கேட்க வைத்தது. விரலால் அழுத்தினால் அமுங்கி, விட்டதும் எழுந்தது. நாக்கில் கரைந்தது.

இறைச்சி எங்கே வாங்குகிறார் என்று கேட்டேன். சந்தையில் முஸ்லிம் கசாப்புக்காரரிடம் என்றார். திரும்பும் வழியில் சந்தைக்கே போய் அந்தக் கசாப்புக்காரரிடமும் விசாரித்து எழுதிக்கொண்டேன். ரொட்டிக்கு வந்தபோது 'மாவு, சீனி, உப்பு, ஈஸ்ட், வெண்ணெய்' என்று எழுதினேன். முன்பக்க அலமாரியில் வெண்ணெய் டின் இருந்தது. இவ்வளவு மிருதுவாக இருந்தால் அது வெண்ணெயாகத்தான் இருக்க வேண்டும். அப்படித்தான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் எங்களுக்கு டீ தரும் கடைக்காரரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து, முட்டையும் கறியும் வைத்து மடித்துச் சுடும் முர்தபாவுக்குக் கடை போட்டவர். தொழுகை தவறாதவர். எங்கள் தேடலைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் ஆசை வந்துவிட்டது.

"கறி நான் கொத்திக்கிறேன் தங்கச்சி. என் மசாலாவப் போட்டா அந்த அமெரிக்காக்காரனே திரும்பி வந்துருவான். ரொட்டிக்குத்தான் என்ன பண்றது? நம்ம ரொட்டிக்காரன் குடுக்கிறத எறிஞ்சா நாய் செத்துரும்லா."

"ரெங்கத்திலிருந்து வரவழைக்கலாம் நானா. ரயிலில் போட்டால் சாயங்காலம் வந்துவிடும்" என்றேன்.

அவர் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "சீனன் கடை. ரொட்டியில வேற ஒண்ணும் இல்லயே?"

நான் நோட்டைத் திறந்து வாசித்தேன். மாவு, சீனி, உப்பு, ஈஸ்ட், வெண்ணெய்.

"அப்ப சரி. ரத்தத்துக்குள்ள பூச்சியத் தேடிப் பிடிக்கிறவங்க நீங்க. உங்க கண்ணுக்கா தப்பப்போவுது!"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வருகிறவர்களுக்கு முதல் நாள் இலவசம் என்று நானா சொல்லிவிட்டார். இமாமையும் அழைத்திருந்தார். ரொட்டி கேட்டு ரெங்கத்துக்குக் கடிதம் எழுதியது நான். ஆஸ்பத்திரி முகவரி போட்டு, என் பெயரில் எழுதினேன். வியாழன் மாலை ரயிலில் பெரிய பிஸ்கட் டின் வந்து இறங்கியது. திறந்து பார்த்த நானா, ஒரு ரொட்டியைக் கையில் வைத்து எடை பார்ப்பதுபோலத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

மறுநாள் எனக்கு ரெங்கத்தில் வேலை விழுந்தது. பக்கத்துத் தோட்டத்தில் காய்ச்சல். பிள்ளைகளின் விரலில் குத்தி ரத்தம் எடுத்து வரச் சொன்னார்கள். அதிகாலை ரயிலில் போனேன். வேலை முடியப் பன்னிரண்டு தாண்டிவிட்டது. ரயிலுக்கு நேரம் இருந்தது. ரொட்டி நன்றாக வந்தது என்று சொல்லலாமே என்று காப்பிக்கடைக்குப் போனேன். சமையல்காரர் பின்கட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டார்.

மேசைமேல் ஒரு மண்ணெண்ணெய் டின், மேல்மூடி வெட்டி எடுத்தது. அதிலிருந்து வெள்ளையாக எதையோ கை நிறைய அள்ளி மாவில் போட்டார். வெண்ணெய் அவ்வளவு வெள்ளையாக இருக்காது.

"இது என்ன?" என்று மலாயில் கேட்டேன்.

அவருக்குச் சந்தோஷம். யாரும் கேட்காததைக் கேட்டுவிட்டேன் போலும். "மின்யாக் பாபி, மிஸ்ஸி. இதுதான் ரகசியம். இது இல்லாமல் மிருது வராது."

பன்றிக் கொழுப்பு.

கண்ணாடித் துண்டுகள் இருந்த பெட்டி கையிலிருந்து நழுவியது. அவர்தான் எட்டிப் பிடித்தார். என்ன என்று கேட்டார். முஸ்லிம் கடை, நாற்பது பேர், இன்று, தொழுகை முடிந்ததும் என்று துண்டு துண்டாகத்தான் சொன்னேன். அவர் முகத்தில் நிறம் மாறியதைப் பார்த்தேன்.

"அலமாக்! ஆஸ்பத்திரி மிஸ்ஸிகளுக்கு என்றல்லவா நினைத்தேன்! ஏன் சொல்லவில்லை?"

அடுத்த கணம் கையில் மாவு ஒட்டியபடியே என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார். நான் பின்னால் ஓடினேன். கடையைப் பூட்டக்கூட இல்லை. தபால் நிலையத்தில் தொலைபேசி இருந்தது. இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர் குமாஸ்தாவிடம் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தச் சமையல்காரருக்கு நானாவை யாரென்று தெரியாது. எனக்காகவும் அவர் அப்படிச் செய்திருக்க வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரிக்கு இணைப்பு கிடைக்க இருபது நிமிடம் ஆனது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று தாண்டிவிட்டது. கடைசியில் என் தோழியின் குரல் கேட்டது.

"என்னடி, கண்ணாடியெல்லாம் ஒடச்சிட்டியா?"

"நானா கடைக்கு ஓடு. அந்த ரொட்டிய யாரும் தொடக் கூடாது."

"ஏன், புளிச்சுப் போச்சா?"

"அதுல பன்றிக் கொழுப்பு இருக்கு."

அவள் தொலைபேசியை வைக்கக்கூட இல்லை. நீளத் தாழ்வாரத்தில் காலணிச் சத்தம் ஓடித் தேய்வது மட்டும் கேட்டது.

ரயிலில் மூன்று மணி நேரம். என்ன நடந்தது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த அம்மாள், "உடம்புக்கு முடியலயா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

நடந்ததைத் தோழி பிறகு சொன்னாள். அவள் போய்ச் சேர்ந்தபோது தட்டுகள் மேசைக்கு வந்துவிட்டன. ஒருவர் ரொட்டியைக் கையில் எடுத்தும்விட்டார். அவள் நானாவின் காதருகே போய்ச் சொன்னாள். ரொட்டி பழசு, ஊசிப்போனது என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. கூட்டத்தின் நடுவில் போய் நின்று, "யாரும் கை வைக்காதீங்க. ரொட்டியில பன்றிக் கொழுப்பு சேந்துருக்கு. விசாரிச்சது பத்தல. தப்பு என்னோடது" என்றார். ஒருவர், "என்ன நானா, வெளையாடறீங்களா?" என்று சிரித்தாராம். நானாவின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. பாதிப் பேர் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். என் பெயரை அவர் சொல்லவே இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது கடைக் கதவு பாதி சாத்தியிருந்தது. பின்புறத்தில் நானா குந்தியிருந்தார். பக்கத்தில் செம்மண் கரைத்த வாளி. ரொட்டி பட்ட தட்டு, கத்தி, பலகை எல்லாவற்றையும் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரில். அது அவர்கள் மார்க்க முறை. கைகள் முழங்கை வரை சிவந்திருந்தன. நான் ஒரு தட்டை எடுக்கக் குனிந்தேன்.

"வேணாம் தங்கச்சி. எண்ணிக்கிட்டிருக்கேன். இது அஞ்சு."

"நானா, நான் பார்க்காமலே எழுதிட்டேன். வெண்ணெய்ன்னு நானே நெனச்சுக்கிட்டேன்."

"நானும் வாயால கேட்டதோட சரி. ரெங்கம் என்ன மக்காவா, போய்ப் பாக்க முடியாம?"

அவர் கழுவிக்கொண்டே இருந்தார். யாரும் சாப்பிடவில்லையே, கர்த்தர் காப்பாற்றினார் என்றேன். அதைச் சொன்னதும் அவர் கை நின்றது.

"நான் தின்னேன்."

எனக்குப் புரியவில்லை.

"காலைல. ருசி பாக்காம ஒரு பண்டத்த நான் இதுவரைக்கும் மேசைக்கு அனுப்பினது இல்ல. ஒண்ணு தின்னேன். அப்புறம் இன்னொண்ணு." நிமிர்ந்து பார்த்தார். "தெரியாமத் தின்னா குத்தமில்லன்னு இமாம் சொல்லிட்டாரு. அதுல எனக்குச் சங்கடமில்ல. ஆனா ரொம்ப நல்லாருந்துச்சு தங்கச்சி. ரெண்டாவது ஆசைப்பட்டுத் தின்னேன். அதான் என்னால தாங்க முடியல."

தொலைபேசி, ஓட்டம், தோழி எல்லாம் சேர்ந்து நாற்பது பேரைக் காப்பாற்றின. என்னை நம்பி ரொட்டி வரவழைத்த அந்த ஒரு மனிதர், நான் அதிகாலை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தபோதே தனியாக அதைச் சாப்பிட்டு முடித்திருந்தார்.

மூன்று நாள் கழித்துக் கடை திறந்தது. அன்று வேலை முடிந்ததும் போய் நானாவின் பக்கத்தில் நின்றேன். வழக்கமாக வருகிற ஒவ்வொருவரிடமும், ரொட்டியை வரவழைத்தது நான், தவறாக எழுதியதும் நான் என்று சொன்னேன். குரல் நடுங்காமல் சொல்லவேண்டும் என்று வீட்டிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். ஆனாலும் நடுங்கியது. பன்னிரண்டாவது ஆளிடம் சொல்லும்போது நானா, "போதும் தங்கச்சி, டீ ஆறுது. குடிச்சிட்டு மிச்சத்தச் சொல்லுங்க" என்றார். அன்று எல்லோரும் சிரித்தார்கள்.

ரெங்கத்துச் சமையல்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்தார். தேங்காய் எண்ணெயில் செய்த ரொட்டி என்று ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தார். நானா அவரை உட்காரவைத்து முர்தபா போட்டுக் கொடுத்தார், ரொட்டியை மட்டும் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் வருத்தப்படவில்லை. தன் கடை வாசலில் இப்போது மலாய் எழுத்தில் ஒரு பலகை மாட்டியிருக்கிறாராம். இந்த ரொட்டியில் பன்றிக் கொழுப்பு உண்டு என்று.

இப்போதைய நிலவரம் இதுதான். நானாவின் கடை நடக்கிறது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஏழெட்டுப் பேர் இன்னும் திரும்பவில்லை. அங்கே ஹம்பர்கர் கிடையாது. நானா புதிதாக எதைச் சமைத்தாலும் ருசி பார்க்க வேறு யாரையாவது கூப்பிடுகிறார், தான் வாயில் வைப்பதில்லை. நான் தினமும் அங்கேதான் டீ குடிக்கிறேன். பார்க்காத ஒன்றைப் பற்றி யாராவது கேட்டால் 'தெரியாது' என்று சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை. அந்த ஒரு சொல்லை அன்று சொல்லியிருந்தால், ஒரு நல்ல மனிதருக்குத் தன் நாக்கின்மேல் இருந்த நம்பிக்கை போயிருக்காது.