கடைசி வரிசையில் ஆபீசர்கள்

எங்கள் தங்கச் சுரங்க ஊரில், கோரமண்டல் பக்கம் மூடிக்கிடந்த பழைய சினிமா கொட்டகையைப் பாட்டுக் கச்சேரி நடத்தும் இடமாக மாற்றினார்கள். திரை இருந்த இடத்தில் மேடை வந்தது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது, டார்ச் அடித்து இடம் காட்டுகிறவர் உட்பட. ஒல்லியான ஆள், கழுத்தில் சாயம்போன மப்ளர். எல்லா விளக்கும் எரிந்தாலும் டார்ச் அடிக்காமல் யாரையும் உட்கார விடமாட்டார்.

முதல் கச்சேரிக்கு நான் கீபோர்டு வாசித்தேன். மேடையேறிப் பார்த்தால், முன்வரிசையில் ஷிஃப்ட் முடித்து வந்த சுரங்கத் தொழிலாளிகள் விசிலடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலியில் மட்டும் துண்டு கிடந்தது. அதிக விலை டிக்கெட் வாங்கிய ஆபீசர் குடும்பங்களோ கடைசி வரிசையில் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன.

இடைவேளையில் டார்ச்காரரைப் பிடித்தேன்.

"இன்னாண்ணா, பெரிய டிக்கெட்டயெல்லாம் பின்னாடி குந்த வெச்சிட்டீங்க?"

"பெரிய டிக்கெட்டு எப்பவும் பின்னாடிதானப்பா?"

"அது சினிமாவுக்குண்ணா. கச்சேரிய கிட்டக்க பாக்கத்தான் அவங்க காசு குடுத்திருக்காங்க."

"அப்படியா? எனக்கு யாரும் சொல்லலியே. இப்ப எழுப்புனா கலாட்டா ஆயிடும். வுடு, முடியட்டும்."

பாவம், பல வருடப் பழக்கம் என்று நினைத்தபடி மேடைக்குத் திரும்பினேன்.

விளக்குகள் மங்கின. தனக்குத் தானே டார்ச் அடித்துக்கொண்டு ஒருவர் முன்வரிசைக்கு வந்தார். நடு நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்தார். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசி என்பதுபோல என் கீபோர்டு மேல் ஒருமுறை டார்ச் அடித்துவிட்டு அணைத்தார்.