லெட்டூஸ் பொங்கல்

எங்கள் வீட்டில் ஒரு வருஷம் முழுக்க லெட்டூஸ் சாப்பிட்டோம். சாலட்டாகச் சாப்பிட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அம்மாவுக்குப் பச்சை இலையைத் தட்டில் போட்டுப் பழக்கமில்லை. அதனால் லெட்டூஸ் கூட்டு, லெட்டூஸ் பொரியல், லெட்டூஸ் போட்ட மோர்க்குழம்பு. ஒரு பெரிய பை நிறைய இலையை வாணலியில் கொட்டினால், கண்ணெதிரே ஒரு கரண்டி அளவுக்குச் சுருங்கிப்போகும். அந்தக் கரண்டியை அம்மா அப்பா தட்டில் வைத்து, "உலகத்துக்கே சோறு போடறவருக்கு" என்பாள். அப்பா அதைச் சோற்றில் பிசைந்து சாப்பிடுவார்.

சான்டா கிளாராவில் ஒரு கிடங்குக்குள் தட்டுகளை அடுக்கடுக்காக வைத்து, மண்ணும் வெயிலும் இல்லாமல், ஊதா நிற விளக்கு வெளிச்சத்தில் பயிர் வளர்க்கும் கம்பெனியில் அவருக்கு வேலை. உலகத்தில் ஜனங்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள், நிலமும் தண்ணீரும் பெருகவில்லை, ஆகவே இனி எல்லோருக்கும் சாப்பாடு இப்படித்தான் என்பது அந்தக் கம்பெனியின் பேச்சு. பயிர் என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். விளைந்தது லெட்டூஸ் மட்டும்தான். விற்காமல் நின்றதை வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

அதற்கு முன் டெக்சாஸில், குறைந்த தண்ணீரில் நெல் விளைவிக்கும் ஆராய்ச்சியில் இருந்தார். நான் இந்தியாவிலிருந்து மூன்று வயதில் வந்து இறங்கியது அங்கேதான். ஒருநாள் அந்த ஆராய்ச்சிக்கு வந்த பணம் நின்றுபோனது. நெல்லுக்கு க்ரீன் கார்டு தர ஆள் கிடைக்கவில்லை, லெட்டூஸுக்குக் கிடைத்தது. இதையெல்லாம் பெரியவர்கள் என் தலைக்கு மேலே பேசிக்கொள்வார்கள். இந்த நாட்டிலேயே தங்குவதற்கு க்ரீன் கார்டு என்று ஒன்று வர வேண்டும், அது அந்தக் கம்பெனி முதலாளியின் கையில் இருக்கிறது, வராவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்ற அளவுக்கு எனக்கும் தெரிந்திருந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

அந்த வருஷப் பொங்கலுக்கு முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. இந்தியக் குடும்பங்கள் கூட்டமாக உட்கார்ந்து லெட்டூஸ் சாப்பிடுவதை வீடியோ எடுத்தால் கம்பெனியில் பணம் போடுகிறவர்களுக்குக் காட்டலாம். அப்பா தமிழ்ச் சங்கத்தில் பேசினார். சாப்பாட்டுச் செலவு கம்பெனியுடையது என்றதும் சங்கம் ஒப்புக்கொண்டது. சாமிக்குப் படைத்த சர்க்கரைப் பொங்கல் ஆளுக்கு ஒரு கரண்டி, மற்றதெல்லாம் லெட்டூஸ்.

ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பட்டுப்புடவையும் வேட்டியுமாக நீள நீள மேசைகளில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு தட்டிலும் பச்சையாக ஒரு குவியல். லெட்டூஸில் சுண்டலை மடித்து ஒன்று, லெட்டூஸ் மேல் தயிரை ஊற்றி ஒன்று. கோட்டுப் போட்ட முதலாளி நெற்றியில் குங்குமத்தோடு நின்றார். கேமராக்காரப் பெண் மேசை மேசையாக வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் சங்கத்துச் செயலாளர் அங்கிள் ஒவ்வொருவர் காதிலும் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டே போனார். கேட்டவர்கள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவைப் பற்றித்தான் ஏதோ கிண்டல் என்று எனக்குக் காது சுட்டது.

அப்பா மைக்கைப் பிடித்து, உலகத்துக்கே சோறு போடப் போகிறோம் என்று தமிழில் ஒரு தடவையும் முதலாளிக்காக ஆங்கிலத்தில் ஒரு தடவையும் சொன்னார். முன் வரிசையில், மகனைப் பார்க்கச் சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் தட்டைக் காலி செய்துவிட்டு நல்ல குரலில் கேட்டார்: "தம்பி, இத சாப்ட்டாச்சு. சாப்பாடு எப்ப போடுவீங்க?"

கூடமே சிரித்தது. என்ன கேட்கிறார் என்று முதலாளி விசாரித்தார். அப்பா மைக்கைக் கீழே வைக்கக்கூட இல்லை. "ஹி இஸ் ஆஸ்கிங் ஃபார் மோர்" என்றார்.

இரண்டு மொழியும் தெரிந்தவளாக இருப்பதற்காக நான் வருத்தப்பட்டது அன்றுதான். என் அப்பா எல்லோர் முன்னாலும் மைக்கில் பொய் சொல்கிறார். என்னோடு படிக்கிற இரண்டு பெண்கள் அடுத்த மேசையில் இருந்தார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், என் தட்டை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டுக் கைகளுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். கேமரா வந்தது, என்னைத் தாண்டிப் போனது. அப்புறம் நடந்ததுதான் ஆச்சரியம், ஜனங்கள் எழுந்து போய் இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டு வந்து சாப்பிட்டார்கள். பிரமாதம், ரொம்ப ஃப்ரெஷ் என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார்கள். முதலாளி அப்பாவின் தோளில் தட்டினார். பெரியவர்கள் எல்லோருமே பொய்யர்கள் என்று எனக்கு முடிவாகிவிட்டது.

திரும்பும்போது காரில் கேட்டே விட்டேன், லெட்டூஸால் உலகத்துக்குச் சோறு போட முடியுமா என்று. ஆங்கிலத்தில் கேட்டேன். கோபம் வந்தால் எனக்கு ஆங்கிலம்தான் வரும்.

"தண்ணி மிச்சம், பூச்சி மருந்து கெடையாது. அதெல்லாம் நெஜம்மா" என்றார் அப்பா. "ஆனா கீரை சோத்துக்குத் தொணை. அதுவே சோறாகாது."

"தென் க்ரோ ரைஸ் தேர்" என்றேன், அங்கே நெல்லையே வளர்க்கலாமே என்று.

"நெல்லுக்கு சூரியன் ஓசில வெளிச்சம் குடுக்குது. அதையே நாம கரண்ட் பில் கட்டிக் குடுத்தா, அப்பறம் அரிசிய நகைக்கடைலதான் விக்கணும்."

அப்படியானால் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றேன். அப்பா இண்டிகேட்டரைப் போட்டு லேன் மாறினார். எனக்குப் பசிக்கிறது என்று அழ ஆரம்பித்தேன். அழுகைக்குப் பசி பாதிக் காரணம்தான்.

பெரிய சாலையில் இருக்கும் தோசைக்கடைக்கு வண்டியைத் திருப்பினார். வண்டி நிறுத்த இடம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தால், பட்டுப்புடவையும் வேட்டியும். சற்றுமுன் பிரமாதம் சொன்ன அத்தனை பேரும் மசால் தோசையை விண்டுகொண்டிருந்தார்கள். சென்னைப் பெரியவர் முன்னால் முழுச் சாப்பாடு.

"வேண்டாங்க, வீட்ல மாவு இருக்கு" என்றாள் அம்மா. பிறகு அவர் பக்கம் சாய்ந்து ஏதோ தணிந்த குரலில் சொன்னாள். திட்டுகிறாள் என்று நினைத்தேன். அப்பா என்ஜினை அணைத்தார். வீட்டுக்குப் போய்விடலாம் என்று நானும் கெஞ்சினேன். அவர் கதவைத் திறந்து இறங்கினார்.

நாங்கள் நுழைந்ததும் கடையில் பேச்சு நின்றது. தோசையை வாய்க்குக் கொண்டுபோன கைகள் பாதியில் நின்றன. செயலாளர் அங்கிள் சாம்பார்க் கிண்ணத்தைத் தூக்கி முகத்தை மறைக்கப் பார்த்தார். அப்பா மேசை தேடவில்லை. முதல் மேசைக்குப் போய், கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவர் பந்தியில் கேட்பதுபோல, "வயிறு நெறஞ்சுதா?" என்று கேட்டார். நெறஞ்சுது, நெறஞ்சுது என்று அவர்கள் முணுமுணுத்தார்கள். அடுத்த மேசை. அதற்கடுத்த மேசை. ஒன்றையும் விடவில்லை. சென்னைப் பெரியவர் மட்டும் நிமிர்ந்து பார்த்து, "இப்பதான் தம்பி நெறஞ்சுது" என்றார்.

அவமானத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவருக்குக் கொஞ்சம்கூட வெட்கமே கிடையாதா, மாட்டிக்கொண்டவர்களைக் குத்திக்காட்டவா இப்படிச் சுற்றி வருகிறார் என்று நினைத்தேன். வந்த தோசையைத் தலை நிமிராமல் தின்று முடித்தேன். பல நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. என் ஒன்பது வயதுக்கு நியாயம் என் பக்கம் முழுசாக இருப்பதாகத்தான் பட்டது.

அந்தக் கம்பெனி பிற்பாடு மூடிக்கொண்டது. அதற்குள் எங்களுக்குக் க்ரீன் கார்டு வந்துவிட்டது. போன மாதம் நான் கடையில் லெட்டூஸ் எடுக்கும்போது, கூட வந்திருந்த அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். செயலாளர் அங்கிள் அன்று எல்லோர் காதிலும் சொல்லிக்கொண்டு போனது இதுதானாம்: "கேமரா போற வரைக்கும் நல்லா சாப்டுங்க. ரெண்டாவது தடவையும் வாங்கிக்கோங்க. இவங்க க்ரீன் கார்டு இந்தக் கம்பெனிலதான் நிக்குது." அம்மா காதிலும் அவரே வந்து சொல்லியிருக்கிறார். அதைத்தான் அவள் தோசைக்கடை வாசலில் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள்.

அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் அதே கார்டுக்காகக் காத்திருந்தவர்கள். அவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்களுக்காக அந்தக் கூடமே பசியோடு உட்கார்ந்து, சிரித்த முகமாக லெட்டூஸ் தின்றிருக்கிறது.

சாப்பிடாமல் இருந்தது நான் ஒருத்திதான்.