சிதறால் சபைக்கு எழுதிய ஐந்தாம் பக்கம்

சனிக்கிழமை, பகல் 11.30, மதுரை. ஊர் பார்க்கக் கிளம்பிய பயணம் இல்லை இது. நானே எழுதிய ஒரு தாளைத் திருடக் கிளம்பிய பயணம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில், சிதறால் மலையடியில், பத்தொன்பது குடும்பங்கள் கூடும் ஒரு புதிய சபை இருக்கிறது. அதை நடத்தும் உபதேசியார் ஜெபராஜ் என் பழைய மாணவர். இருபத்தாறு வருடம் இறையியல் கல்லூரியில் நான் நடத்திய பாடம் ஒன்றே ஒன்றுதான்: ஆதிச் சபைகளுக்கு அப்போஸ்தலர்கள் எழுதிய நிருபங்கள். புதிதாகக் கூடிய சபைகள் சண்டை போட்டுக்கொள்ளும். அப்போஸ்தலர் எங்கிருந்தோ கடிதம் எழுதிப் புத்தி சொல்வார். சபை கூடியிருக்க அதை ஒருவர் உரக்க வாசிப்பார்.

ஜெபராஜின் சபையிலும் சண்டை. அங்கே ஆண்டுக்கு ஒருமுறை அசனம் நடக்கும். எல்லாரும் அரிசி, காசு போட்டுச் சமைத்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து அது. இந்த முறை, ரப்பர் பால் வெட்டும் ஆறு குடும்பங்கள் வேலை முடித்து வருவதற்குள் கறி தீர்ந்துவிட்டது. அவர்களுக்கு மிஞ்சியது சோறும் ரசமும். அன்றிலிருந்து அந்த ஆறு குடும்பமும் ஆலயத்துப் பக்கம் வருவதில்லை. தனியாகக் கூடப்போகிறார்கள் என்று பேச்சு. "சபை ரெண்டாப் போயிரும் ஐயா, நீங்க ஒரு நிருபம் எழுதணும்" என்று ஜெபராஜ் கெஞ்சியிருந்தார்.

எழுதினேன். நான்கு பக்கம் சபைக்கு, ஐந்தாம் பக்கம் ஜெபராஜுக்கு மட்டும். இரண்டையும் ஒரே உறையில் போட்டு ஒட்டினேன், புத்திசாலி.

சனிக்கிழமை பகலில் தொலைபேசி வந்தது. பேசியவர் சபைச் செயலாளர் கிறிஸ்துதாஸ்.

"ஐயா, நிருபம் வந்தாச்சு. உபதேசியாருக்க வீட்டம்மாவுக்குப் பேறுகாலம், அவரு திருவனந்தபுரத்துல ஆஸ்பத்திரியில நிக்காரு. நாளைக்கு ஆராதனையில நான்தான் வாசிக்கேன். கவரைப் பிரிக்கல்ல கேட்டேளா. சபைக்க முன்னாலதான் பிரிக்கணும், ஒரு வரி விடாம வாசிக்கணும்னு உபதேசியார் சொல்லியிருக்காரு."

அந்த விதியை வகுப்பில் சொல்லிக்கொடுத்த மகானுபாவன் நான்தான். ஐந்தாம் பக்கம் முழுக்க இந்தக் கிறிஸ்துதாஸைப் பற்றியது. "கடைசிப் பக்கத்தை வாசிக்காதீர்கள்" என்று ஒரு மனிதரிடம் சொன்னால், அவர் எதை முதலில் வாசிப்பார்? வாயை மூடிக்கொண்டு பையை எடுத்தேன்.

இரவு 7.15, நாகர்கோவில். மதுரையிலிருந்து ஏறக்குறைய இருநூற்றைம்பது கிலோமீட்டர். வடசேரி பஸ் நிலையம் அருகே எழுநூறு ரூபாய்க்கு ஓர் அறை. சிதறாலுக்கு இனிமேல் போய் இறங்கினால் திரும்ப வண்டி இராது என்றார்கள். ஆராதனை ஒன்பது மணிக்குத்தானே என்று படுத்துவிட்டேன்.

ஞாயிறு, காலை 6.40. மார்த்தாண்டம் பஸ். டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய். இருபுறமும் வாழையும் தென்னையும் போட்டிபோட்டு நிற்கும் சாலை. மதுரைக்காரனுக்கு இத்தனை பச்சையைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். ரசிக்கிற நிலையில் நான் இல்லை. பக்கத்து இருக்கையில் நெற்றியில் நீண்ட வெள்ளை நாமமிட்ட ஒரு பெரியவர். அய்யாவழிக்காரர், ஞாயிற்றுக்கிழமைப் பணிவிடைக்காகத் தக்கலைப் பக்கம் நிழல்தாங்கல் எனும் அவர்களது வழிபாட்டிடம் ஒன்றுக்குப் போகிறார். நான் நிமிடத்துக்கொரு தரம் கடிகாரத்தைப் பார்ப்பதைக் கண்டு என்ன விஷயம் என்று கேட்டார். முன்பின் தெரியாதவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் நிதானமாகக் கேட்டார். "நீரு எழுதினது கள்ளமா?"

"பொய் இல்லை. உண்மைதான்."

"பின்ன என்னத்துக்கு இந்தப் பாச்சல் பாயுதீரு?"

"உண்மைதான். ஆனால் அவர் காதுபடச் சொல்லவில்லை."

"அப்போ அதுதான் குத்தம்" என்றார். தக்கலையில் இறங்கும்போது என் தோளில் தட்டிவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வந்தது, அவர் சொன்னது சரி என்பதால்.

8.05, மார்த்தாண்டம். மேம்பாலத்துக்குக் கீழே ஒரு கடையில் பால் விடாத கட்டன் சாயாவும் ஏத்தன் வாழைப்பழ பஜ்ஜியும், இருபத்தைந்து ரூபாய். அந்த பஜ்ஜிக்காகவே இன்னொரு முறை வரலாம். சிதறால் ஏழு கிலோமீட்டர்தான், பஸ் வருகிற வழியைக் காணோம். ஒன்பது மணி தாண்டித்தான் ஓர் ஆட்டோ கிடைத்தது, இருநூற்றைம்பது ரூபாய்.

"மலைக்கா சாரே? சமணர் சிலை பாக்கவா?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"சபைக்கு. சீக்கிரம் போங்கள்."

மலைமேல் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்கள் அற்புதமாக இருப்பார்களாம். நான் பார்க்கவில்லை, வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

9.25. ரப்பர் மரங்களுக்கு நடுவே வளைவு திரும்பும்போதே ஒலிபெருக்கியில் என் சொற்கள் கேட்டன. மூன்றாம் பக்கத்தின் நடுப்பகுதி. தகரக் கூரை போட்ட சிறிய ஆலயம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே எட்டிப் பார்த்தேன். இடம் நிறைந்திருந்தது. பின்வரிசையில், கைவிரல்களில் ரப்பர் பால் கறையோடு சிலர் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தங்களுக்கும் ஒரு நிருபம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, அன்றைய பால்வெட்டை விட்டுவிட்டு அந்த ஆறு குடும்பமும் வந்திருந்தது. இன்று கெட்டால் இனி வரமாட்டார்கள்.

கிறிஸ்துதாஸ் நல்ல ஆகிருதியான மனிதர், வெள்ளை வேட்டி சட்டை. நான்காம் பக்கத்தை முடித்து ஐந்தாவதைப் புரட்டப் போனார். நான் கையை ஆட்டிக்கொண்டே, மதுரையிலிருந்து வருகிறேன் என்று சொல்லி முன்னால் போனேன்.

"நிருபம் எழுதின ஐயாவே வந்திருக்காங்க" என்றார் அவர் முகமெல்லாம் சிரிப்பாக. சபை எழுந்து நின்றது.

"மீதியை நான் வாசிக்கிறேனே" என்றேன்.

"அது முறையில்லல்லா ஐயா. எழுதினவரு வாசிச்சா இடையில கொஞ்சம் முழுங்கிப்போடுவாருன்னு நீங்கதானே உபதேசியாருக்குப் படிப்பிச்சது. உக்காருங்க."

உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய?

அவர் வாசித்தார். "ஜெபராஜுக்கு மட்டும்" என்ற முதல் வரியையும் சேர்த்தே வாசித்தார். அப்போஸ்தலர் நிருபங்களின் கடைசியிலும் இப்படி ஓர் ஆளுக்கென்று நாலு வார்த்தை இருக்கும். அவற்றையும் சபையில் வாசிக்கிறோம் அல்லவா. அப்புறம் வந்தது: "கிறிஸ்துதாஸ் தங்கமான மனிதர்தான், ஆனால் கறிப்பானையின் பக்கம் அவரை நிறுத்தாதே. முதல் பந்தியில் அவர் மூன்று முறை கறி வாங்கினார் என்று நீயே எழுதியிருந்தாய். அவர் எழுந்திருக்கும்வரை மற்றவர்களும் எழமாட்டார்கள். அவரிடம் சொல்ல உனக்குப் பயம்."

குரல் தாழ்ந்தது, நிற்கவில்லை. கையெழுத்து வரை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணு தடவை இல்ல, நாலு" என்றார்.

பின்வரிசையிலிருந்து ரோஸ்லெட் என்ற பெண் எழுந்தார். பால் வெட்டும் குடும்பங்களுக்காகப் பேசுகிறவர் அவர்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். "நாலாவது தடவை நீங்க வாங்கும்போ நான் வாசல்ல பாத்துட்டு நின்னேன் அண்ணே."

"நீ வந்து நின்னதை நானும் கண்டேன் பிள்ளே. கண்டுட்டும் வாங்கினேன். அடுத்த அசனத்துல நான் நின்னு எல்லாருக்கும் விளம்புதேன். கடைசிப் பந்தி எழும்பினாத்தான் எனக்குச் சோறு."

"அவ்வளவு பெரிய காரியம் ஒண்ணும் வேண்டாம். நாங்க பால் எடுத்து, ரப்பர் ஷீட் அடிச்சுட்டு வர மதியம் ஒண்ணு ஆவும். அதுவரைக்கும் யாரும் இலை போடாதுங்க. எல்லாரும் சேர்ந்து உக்காருவோம். அது மதி, அதே போதும்."

"சரி" என்றார் கிறிஸ்துதாஸ். பல குரல்கள் சரி என்றன. நான் எழுந்து, முதுகுக்குப் பின்னால் எழுதியதற்காக அவரிடம் சபை முன்னால் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

பகல் 1.30. ரோஸ்லெட் வீட்டில் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும். கிறிஸ்துதாஸும் வந்து ஒரே ஒரு முறை வாங்கிச் சாப்பிட்டார். எல்லாரும் எண்ணிக்கொண்டிருந்தோம், அவருக்கும் அது தெரியும். ஜெபராஜுக்குப் பெண் குழந்தை என்று தகவல் வந்தது.

ஆட்டோ வந்ததும் கிறிஸ்துதாஸ் உறையோடு அருகில் வந்தார். "ஐயா, இதை நகலெடுத்து முட்டத்துல எங்க தங்கச்சிக்க சபைக்குக் குடுக்கப்போறேன். அங்கயும் பந்திச் சண்டைதான்."

"நான்கு பக்கம்தானே?"

"அஞ்சும். கடைசிப் பக்கம் இல்லாம அதுல என்ன இருக்கு? உங்க சபைக்கும் ஒரு நகல் அனுப்பட்டா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மதுரையில் எங்கள் சபை அசனத்தில், போதகருக்குப் பக்கத்து நாற்காலியில், முப்பது வருடமாக நான் முதல் பந்தி. பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

"அனுப்புங்கள்" என்றேன். "உங்கள் பெயர் வரும் இடத்தில் மட்டும் என் பெயரைப் போட்டுவிடுங்கள்."