பேசக் கூடாத அறை

எலிக் கூண்டைத் துடைத்துக்கொண்டே, ஆய்வுக்கூடப் பணியாளர் தன் மச்சானின் அக்கிரமங்களை எலிகளிடம் சொல்லிக்கொண்டு போவார். “ஸ்கூட்டர இரவல் வாங்கிட்டுப் போனான். ஸ்கூட்டர் திரும்பி வந்துச்சு, பெட்ரோல் வரல.” விட்ட இடத்திலிருந்து அடுத்த கூண்டில் தொடர்வார். பாதிக் கதை கேட்கிற எலி பாவம் என்று, முன்கதைச் சுருக்கமும் உண்டு.

அங்கே அவருக்குப் பெயர் ரேடியோ. அணைக்கும் பொத்தான்தான் இல்லை.

ஆராய்ச்சிக்காக அந்த அறையின் எலிகள் துணையில்லாமல் வாடவேண்டும். பாதி எலிகளுக்கு வெறும் தண்ணீர். மீதிக்கு அதில் ஒரு பழைய அலர்ஜி மருந்து. அது சோகத்தையும் போக்குமா என்பதுதான் கேள்வி. சோகமான எலி சர்க்கரைத் தண்ணீரைச் சீண்டாது. தேறிய எலி விடாது. முதல் தடவை, மருந்தே பார்க்காத எலிகளும் சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டியைக் காலி செய்தன. ஆராய்ச்சி மாணவி மண்டையைக் குடைந்துகொண்டாள், ஒருநாள் கதவோரம் நின்று மச்சான் கதையைக் கேட்கும்வரை.

“அண்ணே, தனியா கிடக்கட்டும்னுதானே தனித்தனியா வெச்சிருக்கேன்! நீங்க கச்சேரி நடத்தினா எப்படி?”

“நான் எங்கேம்மா பேசினேன்? சும்மா ரெண்டு வார்த்தை…”

“மறுபடி முதல்லேருந்து செய்யணும். இந்தத் தடவையும் கெட்டுச்சுன்னா என் பட்டம் அம்பேல்.”

அவள் கண் கலங்கியதில் அவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து இரண்டு முகமூடி. “ஒண்ணு எலிக்காக, ஒண்ணு என் வாய்க்காக.” தும்மல் வந்தால்கூட அறைக்கு வெளியே ஓடினார். தேங்கிய பேச்செல்லாம் வீட்டில் கொட்டியது. மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள்: “என்னையும் ஒரு கூண்டுல தனியா வெச்சிடச் சொல்லுங்க, புண்ணியமாப் போகும்.”

அந்த நேரம் பார்த்துத்தானா மச்சான் ஸ்கூட்டரோடு சாக்கடையில் விழவேண்டும்? அப்படிப்பட்ட செய்தியை வைத்துக்கொண்டு கூண்டு கூண்டாக வாய்மூடி நடந்தார். முகமூடி மட்டும் குலுங்கிக் குலுங்கி அடங்கியது.

கடைசியில் மருந்து குடித்த எலிகள் சர்க்கரைத் தண்ணீரை உறிஞ்சித் தீர்த்தன. மற்றவை புட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தன. மாணவி அறைக்குள்ளேயே குதித்தாள்.

“ஜெயிச்சிட்டோம் அண்ணே! எல்லாம் முடிஞ்சுது. இனிமே என்ன வேணா பேசிக்கோங்க!”

“மருந்து கிடைக்காத பசங்க எந்தப் பக்கம்மா?”

அவள் இடது வரிசையைக் காட்டினாள். அவர் முக்காலியை அங்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு முகமூடியைக் கழற்றினார். இன்னொன்றையும் கழற்றினார். முதல் கூண்டருகே குனிந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.