அத்தையின் இடது கால்

எங்கள் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் கால் வீங்காத வீடே கிடையாது. பையன்கள் அத்தனை பேரும் கால்பந்து ஆடினார்கள். வீங்கும், வற்றும், மறுபடி ஆடப் போவார்கள், யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். எங்கள் வீட்டில் வீங்கியது அத்தையின் கால். அப்பாவின் தங்கை. அதனால் அது ஊர் விவகாரமாகிவிட்டது.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. மைதானத்தில் எதிர் டீம் பெண் ஒருத்தி அத்தையின் இடது கணுக்காலை நன்றாக மிதித்துவிட்டாள். இரண்டு தோழிகளின் தோளைப் பிடித்துக்கொண்டு அத்தை படியேறி வந்தபோது, கணுக்கால் பன் மாதிரி உப்பியிருந்தது. அத்தை அழுதாள். வலிக்காக இல்லை. இன்னும் சில வாரத்தில் மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள், அதில் ஓட முடியாமல் போய்விடுமோ என்றுதான் அழுதாள்.

வைத்தியம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமா? கீழ் வீட்டு அக்கா புளியும் உப்பும் கொதிக்கவைத்துப் பத்துப் போடச் சொன்னாள். எதிர் வீட்டுக்காரர் புத்தூர் கட்டுதான் சரி என்றார். அத்தை யார் பேச்சையும் கேட்கவில்லை. கோச் சொன்னபடி ஐஸ்தான் வைப்பேன் என்று பிடிவாதமாக இருந்தாள். எங்களிடம் ஃபிரிட்ஜ் கிடையாது. ஆனால் அப்பா காசிமேட்டில் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் உடைத்துப் போடுகிறவர்.

"பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்கு பந்து? நல்லா வோணும்" என்று திட்டினார். மறுநாள் சைக்கிள் கேரியரில், உமி கொட்டிய கோணியில் சுற்றி ஒரு ஐஸ் பாளம் வந்து இறங்கியது. அதை உடைக்கும்போதும் திட்டிக்கொண்டேதான் உடைத்தார். தினமும் இதே கதைதான். வீடு முழுக்க மீன் வாடை. எங்கிருந்தோ பூனைகள் வந்து வாசலில் குந்திக்கொண்டன.

காலைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம் எனக்கு. ஐஸைத் துண்டில் மூட்டை கட்டி ஒற்றுவேன். காலுக்கடியில் தலையணை வைத்து உயர்த்துவேன். சாயந்திரம் பேண்டேஜை விரல் பக்கத்திலிருந்து மேலாகச் சுற்றுவேன். வீக்கத்தை விரலால் அமுக்கினால் முதலில் குழி விழுந்து அப்படியே நின்றது. போகப் போகக் குழி விழுவதே நின்றுபோனது. அத்தை மொட்டை மாடியில் ஓடிப் பார்த்து, வலியே இல்லை என்று என்னைத் தூக்கிச் சுற்றினாள். பெரிய டாக்டர் நான்தான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் பெரம்பூரிலிருந்து பெரியப்பா வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்கு விம்கோ நகரில் சொந்தக் கடை. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள்.

"பந்து கிந்துல்லாம் இத்தோட வுட்ரணும். அவங்களுக்கு அதெல்லாம் ஆவாது" என்றார்.

அப்பாவையும் அத்தையையும் ஆளாக்கியவர் பெரியப்பா. அவர் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. அப்பா "சரிண்ணா" என்று தலையை ஆட்டினார். அத்தை அன்று சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வேன் கீழே வந்து நின்றது. அவர்களை அழைத்துவரப் பெரியப்பா இறங்கிப் போனார். உடனே அப்பா உள்ளே வந்து என்னிடம் பேண்டேஜைக் கேட்டார். தரையில் உட்கார்ந்து, பட்டுப்புடவையில் நின்ற அத்தையின் வலது காலை இழுத்து, ஒரு பழைய துண்டை மேலே வைத்துப் பரபரவென்று சுற்ற ஆரம்பித்தார். சுற்றுவதில் ஒரு முறையும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"யப்பா, அது நல்ல காலு! லெஃப்டு காலுதான் வீங்குச்சி!"

"அது இப்பதான் ஆறிக்கீது. அத எதுக்கு இறுக்கிக்கினு? நீ கம்முனு கெட" என்றார். அத்தை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பஜ்ஜித் தட்டோடு கூடத்துக்குப் போன அத்தை, நல்ல காலை இழுத்து இழுத்து நடந்தாள். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

"பொண்ணு காலுக்கு இன்னா ஆச்சு?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"சும்மா சுளுக்குதாம்மா" என்றார் பெரியப்பா.

அப்பா தலையைச் சொறிந்தார். "சுளுக்குன்னுதான் சொல்றாங்கோ. ஆனா அப்பப்ப வீங்கிக்கும். நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்கோ, மறைச்சிக் கட்டிக் குடுத்தா பாவம்."

பஜ்ஜி தீர்ந்தது. போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பியவர்களிடமிருந்து கடைசிவரை ஒரு சொல்லும் வரவில்லை. "உன்ன யார்ரா வாயத் தொறக்கச் சொன்னது?" என்று, வேன் கிளம்பியதுமே பெரியப்பா எல்லார் முன்னாலும் அப்பாவைக் கிழித்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். தீபாவளிவரை பேசவில்லை.  அப்பா, அண்ணன் போன படியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆள் எடுக்கும் நாள். அப்பாதான் அத்தையைச் சைக்கிளில் வைத்து மைதானத்துக்குக் கூட்டிப்போனார். சாயந்திரம் திரும்பி வந்தபோது அத்தை மாவட்ட டீமில் இருந்தாள். வீடே சிரித்தது. அப்பா மட்டும் பழையபடி, "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்கு பந்து?" என்று சொல்லிக்கொண்டே எல்லாருக்கும் பிரியாணிப் பொட்டலம் பிரித்தார்.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எந்தக் காலில் கட்டுப் போடுவது என்று தெரியாமல், வந்த நல்ல சம்பந்தத்தையும் கெடுத்து, அண்ணனிடம் வசவும் வாங்கிக்கொண்டாரே என்று நினைத்தேன். என் பொட்டலத்திலிருந்த முட்டையை எடுத்து அவர் இலையில் வைத்தேன். இன்னொரு தடவை யாருக்காவது கால் வீங்கினால் கட்டுகிற வேலையை என்னிடம் விட்டுவிடும்படி, அவர் மனம் நோகாமல், மெதுவாகச் சொன்னேன்.