சித்தப்பா மாட்டிவிட்ட டயர்

குடவாசல் டயர் கடையில், என் பழைய காருக்கு விலை குறைந்த டயர் கேட்டேன். "ரீட்ரெட் போட்டுக்கங்க, பழைய டயர் மேல புதுப் பட்டை ஒட்டினது, புதுசு மாதிரியே ஓடும்" என்று கடைக்காரர் ஒன்றை உருட்டி வந்தார். சித்தப்பாவின் கடையில் வீசிய அதே ரப்பர் வாசனை குப்பென்று அடித்தது.

எனக்கு அப்போது பத்து வயது. சீர்காழியில் டயர் கடை வைத்திருந்த சித்தப்பா, புதுசு என்று சொல்லி அப்பாவின் அம்பாசிடருக்கு நாலு டயர் மாட்டிவிட்டார். தம்பி கொடுத்தது என்பதால் அப்பா குனிந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் திருக்கடையூர் போகும் வழியில் முன்டயர் வெடித்து, கார் வாய்க்காலில் இறங்கியது. வலது கை முறிந்து அம்மா மயங்கிக் கிடந்தாள். டயரின் மேல்பட்டை உரிந்து தொங்க, அடியில் வழவழவென்று தேய்ந்த பழைய டயர் தெரிந்தது. அப்பா அந்தப் பட்டையைப் பிய்த்து நீரில் எறிந்தார். "ஆணி குத்திடுச்சுன்னு அம்மாகிட்ட சொல்லு பாப்பா. அவன் என் தம்பி."

அம்மாவின் கை அப்புறம் நேராகவே இல்லை.

"புதுசே போடுங்க" என்றேன். காருக்குள் இருந்த அம்மா, "உங்க சித்தப்பா கடைக்கே போயிருக்கலாம்டி. அவருன்னா நம்பி வாங்கலாம்" என்றாள்.

அப்பா இப்போது உயிரோடு இல்லை. என்னால் அடக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா சித்தப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இத்தனை வருஷமா நீயும் சேர்ந்தாடி மறைச்சே?" என்றாள்.